மெஷினின் மணி சரியாக இருந்தது

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் காகிதம் நமத்துப்போகும். டைப் அடிக்கிற தம்பியிடம் சொல்லுங்கள் ஐயா, அந்தக் காகிதக் கட்டை ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம். விளக்குக்குக் கீழே வைத்தால் அந்தச் சூட்டிலேயே மொடமொடவென்று இருக்கும். காகிதத்தோடு பிழைத்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் கல்யாணசுந்தரி. வயது நாற்பத்திரண்டு. செங்கோட்டை சாலையில் அருமைநாயகம் முதலாளியின் மலைச்சரக்குக் கிட்டங்கி இருக்கிறதே, ஏலம், மிளகு, கிராம்பு எல்லாம் வந்து இறங்குகிற இடம், அங்கே ஆபீசில் வேலை. என்னை யாராவது அடித்தார்களா, ஆசை காட்டினார்களா என்று முதலிலேயே கேட்டீர்கள். ஒருவரும் இல்லை. பேருந்து ஏறி, வாக்குமூலம் கொடுக்க நானாக வந்தேன். எங்கள் கிட்டங்கிக் காவல்காரர் குற்றாலிங்கம் ஏலக்காய் மூட்டைகளைத் திருடியதாகப் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார். அவர் திருடவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவசரம் இல்லையே உங்களுக்கு? டீ ஆறிவிடும், குடியுங்கள்.

எழுபத்து நாலில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது காவல்காரரிடம் ஒரு கடிகாரம் இருந்தது. தூக்குச்சட்டி மாதிரி கனமாக இருக்கும், தோல் உறை போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வார். கிட்டங்கியின் ஒவ்வொரு மூலையிலும் சுவரில் ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து, அந்தந்த மூலைச் சாவியைக் கடிகாரத்துக்குள் விட்டுத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கிற வட்டக் காகிதத்தில் அந்த மூலையின் எண் அழுந்திப் பதியும். காவல்காரர் நடந்தாரா, தூங்கினாரா என்று காகிதம் காட்டிக்கொடுக்கும். காலையில் அந்தக் கடிகாரத்தைத் திறந்து, காகிதத்தை எடுத்து, தேதி எழுதிக் கம்பியில் கோர்த்து, புதுக் காகிதம் வைத்துச் சாவி கொடுப்பது என் வேலை.

மற்றவர்களுக்கு அது கொசு கடித்த காகிதம். எனக்கு அது ஒரு மனிதரின் ராத்திரி.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழகப் பழகத் தெரியும். மழை பெய்த ராத்திரியில் பதிவுகள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும், ஓடியிருப்பார். உடம்பு சரியில்லாத ராத்திரியில் எழுத்து மேலாகப் பட்டிருக்கும், கையில் பலம் இருந்திருக்காது. ஒருநாள் நாலாம் மூலைக்கும் ஐந்தாம் மூலைக்கும் நடுவில் நிறைய இடம் விட்டுப்போயிருந்தது.

“நாலாம் மூலையில எதுக்கு அவ்வளவு நேரம் நின்னிய?” என்று கேட்டேன்.

“ஆத்தாடி. அங்கன தகரத்துக்குக் கீழ ஒரு நாய் குட்டி போட்டிருக்குக்கா. நனையுதேன்னு ஒரு சாக்கை எடுத்துப் போட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கூடவே நடந்து வருதியளோ?”

அந்தக் கடைசி வார்த்தையை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். வெகுநாள் வைத்திருந்தேன்.

என்னைவிட அவருக்கு இரண்டு வயது கூடத்தான். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவது. நானும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு மனைவி உண்டு, அச்சன்புதூரில். முப்பிடாதியம்மாள் என்று பெயர். இரண்டு பெண் பிள்ளைகள். அவள்மேல் எனக்குப் பொறாமை என்று மட்டும் எழுதிக்கொண்டுவிடாதீர்கள் ஐயா. கோர்ட்டில்கூட ஒரு வக்கீல் அப்படிக் கேட்கப் பார்த்தார், சிரித்துவிட்டேன். அவளுக்குக் கிடைத்தது பகல். பகலில் அவர் தூங்குவார். தூங்குகிற மனிதருக்குச் சோறு எடுத்து மூடி வைப்பதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

சாரல் காலத்தில் மட்டும் அவருக்கு ஒரு பலவீனம். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டமில்லை என்று யாராவது வந்து சொல்லிவிட்டால் காவலை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளில் போய்விடுவார். மறுநாள் காகிதத்தில் பாதி வட்டம் வெறுமையாக இருக்கும். முதலாளி பார்த்தால் அன்றோடு வேலை போகும். நான் என்ன செய்வேன் என்றால், புதுக் காகிதம் ஒன்றை வைத்து, கடிகாரத்தின் முள்ளைக் கையால் மெல்ல நகர்த்தி, ஆபீசில் இருக்கிற மாற்றுச் சாவிகளை ஒவ்வொன்றாக விட்டுத் திருப்புவேன். அவர் நடக்காத ராத்திரியை நான் உட்கார்ந்த இடத்திலேயே நடந்து முடிப்பேன். மழை பெய்திருந்தால் கொஞ்சம் நெருக்கமாக.

“அக்கா, எந்தலை இன்னும் காயலன்னு மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லிராதிய” என்பார். நின்று டீ குடிப்பார். தலையிலிருந்து அருவித் தண்ணீர் வாசனை வரும். அந்த ரகசியம் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் சொந்தம். நான் அதிகம் எதுவும் ஆசைப்பட்டதில்லை ஐயா. இவ்வளவுதான் வைத்திருந்தேன்.

எண்பத்து மூன்றில், பக்கத்துக் கிட்டங்கி ஒன்றில் பூட்டை உடைத்துக் கிராம்பு எடுத்துப்போனார்கள். எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. மேனேஜர் ராமசேஷன் சாரின் தங்கை மகள் நீலா மெட்ராஸில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு, அலாரம் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் இருந்தாள். அவளே மெஷினோடு வந்து இறங்கினாள்.

பீரோவில் பாதி உயரம் இருக்கும் அது. எல்லாக் கதவிலிருந்தும் எல்லா மூலையிலிருந்தும் அதற்கு ஒயர் வரும். உள்ளே கரண்டில் ஓடுகிற கடிகாரம், அதை ஒட்டி மெதுவாக நகர்கிற ஒரு காகித நாடா. கதவு திறந்தாலும் சரி, காவல்காரர் மூலைச் சாவியைத் திருப்பினாலும் சரி, மெஷின் தானாகவே எண்ணையும் நேரத்தையும் நாடாவில் அச்சடிக்கும். அச்சடித்ததைத் தானாகவே சுருட்டும். சுருள் நிறைந்ததும் தானாகவே ஒரு டப்பாவுக்குள் விழும். டப்பாவுக்கு அரக்கு வைத்து அலமாரியில் பூட்டிவிட வேண்டியது.

“மனுஷக் கையே படாது” என்றார் முதலாளி, ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு. “எழுதுததும் அதுதான், எடுத்து வைக்கிறதும் அதுதான். நம்ம போயி நல்லா படுத்துத் தூங்கலாம்.”

“அப்புறம் யாரும்மா அதைப் படிப்பா?” என்று நான் நீலாவிடம் கேட்டேன்.

“எதுக்குப் படிக்கணும் அக்கா? ஏதாவது நடந்தா எடுத்துப் பார்த்துக்கலாம். ஒண்ணும் நடக்கலேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டுமே.”

நல்ல பெண். கெட்டிக்காரி. எனக்கு அவளிடம் கோபம் வரவில்லை. ஒன்றும் நடக்காத ராத்திரிகளைத்தான் நான் அவ்வளவு காலம் படித்திருந்தேன் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

மெஷின் வந்த பிறகு அவருக்குக் காலையில் ஆபீசுக்குள் வர வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஒப்படைக்கக் கடிகாரம் இல்லையே. கேட்டிலிருந்தே “வாரேங்க்கா” என்று கையைக் காட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார். ஆனால் சாயங்காலம் சீக்கிரமாக வந்துவிடுவார். நீலா ஒயர்களைச் சரிபார்க்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எது எங்கே போகிறது, ஏன் போகிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பார். அவளும் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பாள். அந்த வருடம் மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தபோது பையை முதலில் அவளிடம்தான் நீட்டினார். எனக்கும் கொடுத்தார். மிச்சத்தைக் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன், அடியில் இருந்ததைக் கொடுத்தார்.

பழைய வட்டக் காகிதங்களை என்ன செய்வது என்று ராமசேஷன் சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “கடலைக்காரனுக்குப் போட்டுட்டா எடமாவது மிச்சம்” என்று அவரே முடிவு செய்துவிட்டார். சாக்கில் கட்டித் தூக்கிப் போனது குற்றாலிங்கம்தான்.

“ஏக்கா, நம்ம பாவ மூட்டை போகுது பாத்தியளா” என்று சிரித்தார். “இனிமே நான் சுத்தமான ஆளு.”

“அது என்ன பாவம் அண்ணாச்சி?” என்று நீலா கேட்டாள்.

அவர் சொல்லிவிட்டார். சாக்கு மூட்டையைத் தோளில் வைத்தபடி, ஐந்தருவிக்குச் சைக்கிளில் ஓடியது, தலை காயாமல் வந்து நின்றது, நான் உட்கார்ந்து முள்ளை நகர்த்தியது, எல்லாவற்றையும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அடேயப்பா, அக்கா, நீங்க பெரிய ஆளுதான்” என்றாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அன்றைக்கு வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது யோசித்தேன். இது எனக்குள்ளே எங்கே சுடுகிறது என்று பார்த்தேன். அவர் அவளை அந்த மாதிரிப் பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவளுக்கு அவர் சித்தப்பா வயது. ஆனால் என்னிடம் மட்டும் இருந்த ஒன்றை அவர் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தது தெரியாமலே கொடுத்துவிட்டார்.

மெஷினிலும் ஒரே ஒரு வேலை மனிதருக்கு மிச்சம் இருந்தது. கரண்ட் போனால் அதன் கடிகாரம் நின்றுவிடும், நாடாவும் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் நின்ற இடத்திலிருந்து ஓடும். அதனால் கரண்ட் எவ்வளவு நேரம் போனதோ அவ்வளவு நேரம் பின்தங்கியிருக்கும். காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பக்கவாட்டில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகி, மணியைத் தள்ளி வைக்க வேண்டும். “இது மட்டும் உங்க பொறுப்பு அக்கா” என்று நீலா எனக்குக் காட்டிக்கொடுத்தாள். உள்ளங்கையில் மிட்டாய் வைத்து மூடுகிற மாதிரி கொடுத்தாள்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். இது ஒன்றுதான் கொஞ்சம் சிக்கல், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் முதலாளி வந்து முதல் நாடாவை எடுத்துப் பார்த்து, மெஷினை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் அந்தச் சக்கரத்தைத் திருகி மணியை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். ஆறு என்பது எட்டாயிற்று. மறுநாள் முதலாளி பார்க்கும்போது நாடாவில் எல்லாம் தாறுமாறாக இருக்கும். மெஷின் சரியில்லை என்று ஆகும். நீலா அதைக் கட்டி எடுத்துக்கொண்டு போவாள். தோல் உறையிலிருந்து பழைய கடிகாரம் வெளியே வரும். இதைத்தான் நினைத்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

அன்று ஆறு மணிக்குப் பகல் ஆட்கள் போன பிறகு, எட்டு மணிக்கு அவர் வருவதற்கு முன்னால், யாரோ பின்கதவைத் திறந்து ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிப் போய்விட்டார்கள். கதவு திறந்தால் அலாரம் மணியடிக்க வைக்கிற சுவிட்சைக் காவல்காரர் வந்துதான் போடுவார் என்பது தெரிந்த ஆள். எங்கள் சரக்கை ஏற்றிப் போகிற லாரி டிரைவர் மந்திரமூர்த்தி அடுத்த மாதம் சொந்த லாரி வாங்கினான். நான் எதையும் நிச்சயமாகச் சொல்லவில்லை.

கதவு திறந்தது ஏழு மணி வாக்கில். மெஷின் ஒன்பது என்று அச்சடித்தது. எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் அவர் ஒழுங்காகச் சுற்றி வந்தார். மெஷின் அவற்றைப் பத்து, பதினொன்று என்று அச்சடித்தது. அதற்குப் பிறகு கரண்ட் போயிற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரவில்லை. நான் முன்னால் தள்ளிவிட்டிருந்த நேரத்தை அந்த இருட்டு அப்படியே தின்றுவிட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது மெஷினின் மணியும் ஊரின் மணியும் ஒன்றாகிவிட்டன. காலையில் நான் வந்து பார்க்கிறேன், சுவர்க் கடிகாரமும் மெஷினும் அக்காள் தங்கை மாதிரி ஒரே மணி காட்டுகின்றன. நான் பட்ட பாடு வீண் என்று நினைத்தேன். அதற்குள் கிட்டங்கியிலிருந்து கூச்சல் கேட்டது.

போலீஸ் வந்தது. நாடாவை எடுத்தார்கள். எட்டு மணிக்கு வேலைக்கு வந்த ஆள் எட்டு மணிச் சுற்றும் போகவில்லை, ஒன்பது மணிச் சுற்றும் போகவில்லை, அந்த நேரத்தில் பின்கதவு மட்டும் திறந்திருக்கிறது. நாடா அப்படித்தான் சொன்னது.

ஆபீஸ் அறையில் எல்லோரும் இருந்தோம். முதலாளி, ராமசேஷன் சார், இன்ஸ்பெக்டர், நீலா, நான். குற்றாலிங்கம் சுவரோரமாக நின்றார்.

“ஏலே, மெஷின் பொய் சொல்லாதுலே” என்றார் இன்ஸ்பெக்டர். “அதுக்கு ஒம்மேல என்ன விரோதம்?”

“நான் சுத்தினேன்யா. எட்டு மணிக்குச் சுத்தினேன். மூணாம் மூலையில பல்பு பீஸ் போயிருந்திச்சு, அதக்கூடப் பாத்தேன்.”

“பல்பை யாரு கேட்டா?”

முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராமசேஷன் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போது நீலா முன்னால் வந்தாள். மெஷின் அவளுடையது. அதில் தப்பு இருக்கலாம் என்று அவள் வாயால் சொன்னால் அவளுக்கு வேலை போகும். அது தெரிந்துதான் பேசினாள்.

“சார், மெஷின் தப்பா இருந்திருக்கலாம். நேத்து ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அப்படின்னா இன்னிக்குக் காலையில மணி ரெண்டு மணி நேரம் பின்தங்கி இருந்திருக்கணும். பின்தங்கி இருந்தா மெஷின் சரி. பின்தங்காம இருந்தா, யாரோ முன்னாடியே மணியை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அப்போ இந்த நேரம் எதையும் நம்ப முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, காலையில நீங்கதானே பார்த்தீங்க? மணி பின்தங்கி இருந்ததா?”

எவ்வளவு புத்தி பாருங்கள் ஐயா. நான் என் பெயரைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வீட்டுக்குப் போய்விடுவார். மெஷினும் போய்விடும். நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னை நம்புங்கள். அப்போது நீலா அவரிடம், “பயப்படாதீங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்” என்றாள். அவர் அவளைப் பார்த்தார். காலையில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இந்தப் பெண் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்கிற பார்வை. அத்தனை வருடம் முள்ளை நகர்த்தி நகர்த்தி நான் சம்பாதித்ததை அவள் ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டாள். இனிமேல் உயிர் உள்ளவரை அவருக்கு அவள்தான் சாமி.

“ஆமாம், பின்தங்கித்தான் இருந்தது” என்றேன். “காலையில் நான்தான் தள்ளி வைத்தேன். மெஷினின் மணி சரியாக இருந்தது.”

நீலா, “நிஜமாவா அக்கா?” என்று கேட்டாள்.

“பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது?” என்றேன்.

கோர்ட்டிலும் அதையே சொன்னேன். இதற்கு முன்னால் அவர் காவலை விட்டுப் போனதுண்டா என்று கேட்டார்கள். அருவிக்குப் போனதைச் சொன்னேன். அது பொய் இல்லையே. அவரே சிரித்துச் சிரித்து ஊருக்குச் சொன்ன கதைதானே. முள்ளை நகர்த்தியதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நீலா எழுந்து சொல்லப் பார்த்தாள். கூண்டில் ஏறாதவர்கள் பேசக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கொடுத்தார்கள். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள், அவள் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவு நல்ல மனிதர்.

முப்பிடாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிவகிரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் வருடம் இரண்டு தடவை ஜெயிலுக்கு வந்தாள், பிறகு வரவில்லை. பஸ்ஸுக்கு வேண்டாமா? மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடி சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பொங்கலுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்து அனுப்பினேன். பச்சைக் கலர்.

நான் மாதம் தவறாமல் போகிறேன். ஆலங்குளம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் உச்சிக்கு முன்னால் பாளையங்கோட்டை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் மெல்லக் கேட்பேன், ராத்திரி தூங்கினீர்களா என்று. அப்போது சொல்ல ஆரம்பிப்பார். பக்கத்து அறைக்காரர் ஒருவர் தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவது, மழைக்குக் கூரை ஒழுகுவது, இருமல் வந்தால் சுவரோரமாக எழுந்து உட்கார்ந்துகொள்வது. ஒவ்வொரு ராத்திரியையும் சொல்வார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஆள் பாதியாகிவிட்டார். ஆனாலும் சொல்லச் சொல்ல முகம் தெளிந்து வரும்.

“நீங்க ஒருத்திதான்க்கா வருதிய” என்பார். “வேற யாரு வருதா எனக்கு?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டே வருவேன். உங்களிடம் மறைப்பானேன், அந்த மூன்று வருடமும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று எந்த நேரமும் தெரியும். யாரும் வந்து கூப்பிட்டு அவர் சைக்கிளில் ஓடிவிட முடியாது. ஒருவரை இதைவிடப் பத்திரமாக எப்படி வைத்துக்கொள்வது?

தம்பி, கையை உதறிக்கொள்ளப்பா. ரொம்ப நேரமாக அடித்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம்தான் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் போய் நிற்பதற்கு முன்னாலேயே அவர் வந்து வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வெகுநாள் பார்க்கவில்லை.

“அக்கா, நீலாம்மா கண்டுபிடிச்சிட்டாவ” என்றார்.

அவள் விடவே இல்லையாம் ஐயா. வேலை போன பிறகும் விடவில்லை. மூன்று வருடமாக மனுப் போட்டுப் போட்டு, கோர்ட்டில் வைத்திருந்த நாடாவைப் பார்க்க அனுமதி வாங்கி, முழுவதையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள். நாடா மணிக்கு ஒரு விரல் நீளம் நகரும். அன்றைக்கு ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் காகிதமே இல்லையாம். ஆட்கள் கிளம்பிய கதவுக்கு ஆறு என்று அடித்திருக்கிறதாம், அதை ஒட்டியே அடுத்த கதவுக்கு எட்டு வந்து நிற்கிறதாம். யாரோ கையால் சக்கரத்தைத் திருகியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதுமாம். வரும் திங்கட்கிழமை மெட்ராஸ் வக்கீலோடு வந்து கோர்ட்டில் கொடுக்கப்போகிறாளாம்.

“யாரு திருகினாங்கன்னு தெரியலியாம். எவனாயிருந்தா என்னக்கா. நான் வெளிய வந்திருவேன்” என்றார். பிறகு சொன்னார்: “அந்தப் புள்ள எனக்குத் தாயி. அவ போட்டோவ வீட்டுல மாட்டி வெளக்கேத்தணும்.”

அன்றைக்கு அவர் தன் ராத்திரி ஒன்றையும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை. அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், மணியடிக்கும் வரை.

வீட்டுக்கு வந்து நாலு நாள் யோசித்தேன். என் மனசாட்சி என்னைத் தூங்கவிடவில்லை. செய்தது தப்பு என்று எனக்கு முழுசாகத் தெளிந்தது. ஒரு நிரபராதி ஒரு நாள்கூட அதிகமாக உள்ளே இருக்கக் கூடாது. அதுதான் இன்று வெள்ளிக்கிழமையே வந்தேன். சக்கரத்தைத் திருகியது நான். காலையில் மணி பின்தங்கியிருக்கவில்லை. கோர்ட்டில் நான் சொன்னது பொய். எந்த இடத்தில் கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு எத்தனை வருடம் கொடுத்தாலும் சரி.

நீலா சொல்வதெல்லாம் ஊகம் ஐயா. காகிதம் இருக்கிறது, இல்லை என்று வாதாடிக்கொண்டிருப்பாள். நான் சொல்வது சாட்சி. எது பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இதை இன்றைக்கே மேலே அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமைக்கு வைக்க வேண்டாம். ஜெயிலுக்கும் இன்றைக்கே ஒரு தகவல் போகட்டும். அவரை விடுதலை செய்தது யார் என்று அவர் நிச்சயம் கேட்பார். கல்யாணசுந்தரி என்று என் பெயரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள், மற்றதைச் சொல்ல வேண்டாம். அதை அவர் கேட்கவும் மாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எதற்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை.